சேகருக்கு, ஆனி மாதத்தில்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆனியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பத்தாவது தேறிவிட்டாள். மணி உன்னை விசாரித்தான். பச்சை சைக்கிள் விஷயத்தை நான் இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேற்று ராத்திரி '13 சென்டினல்ஸ்: ஈஜிஸ் ரிம்' முடித்தேன்டா. ஒசாகாவில் இருக்கிற வெனிலாவேர்காரர்கள் செய்த கேம். 2019 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. கதை முழுவதையும் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த கமிதானி ஒருவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ராட்சத ரோபோ என்றதும் நீ முகத்தைச் சுளிப்பாய், எனக்குத் தெரியும். சண்டை இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஒரே ஆளைத் தொடர்ந்து இரண்டு சண்டைக்கு இறக்கினால் அவன் மூளை களைத்துவிடும், அடுத்ததற்கு உட்காரவைக்க வேண்டும். பிடித்த நாலு பேரை மட்டும் வைத்து ஓட்ட முடியாது.

என்னைப் பிடித்துக்கொண்டது கதைதான். 1985, ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வகுப்பறைத் தரையில் சாய்ந்து கிடக்கும். அத்தனையும் ஓவியம் மாதிரி. பதிமூன்று பிள்ளைகள். போர் நடந்த 1940களிலிருந்து வந்து சேர்ந்த ஹிஜியாமா என்று ஒரு பையன். வறுத்த நூடுல்ஸை நீள பன்னுக்குள் திணித்து விற்பார்களே, யாக்கிசோபா பன், அதற்கு உயிரை விடுகிறான். பஞ்ச காலத்தில் இருந்து வந்தவன் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. குராபே என்று இன்னொருவன். அவனுக்கும் அவன் கூட்டாளி ஷிபாவுக்கும் எப்போதும் கேசட்டில் பார்த்த படங்களைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் வீட்டு மாடியும் அந்த வாடகை டெக்கும் ஞாபகம் வந்தது. ஷிபாவைப் பற்றி இதற்குமேல் சொல்லமாட்டேன். நீ விளையாடியே தெரிந்துகொள்.

ஒருத்தன் கதையை ஒரே மூச்சில் முடிக்க விடமாட்டார்கள். பாதியில் பூட்டு விழும். இன்னொருத்தி கதைக்குப் போய் அவள் என்ன பார்த்தாள் என்று தெரிந்தால்தான் இவன் கதை மேலே நகரும். அவள் சாதாரணமாகக் கடந்துபோன தெருமுனையில் இவனுக்கு உயிர் போகிற விஷயம் நடந்திருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பத்து நாளில் அதற்காகவே ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தேன்.

அப்படி ஒரு பூட்டு விழுந்த ராத்திரி, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா போவதற்கு முந்தின வாரம் உன்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்து ஒரு மணி நேரம் பேசினார். அன்றைக்கு நான் ஊரில் இல்லை. நீயாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது வருஷம் ஆகிவிட்டது சேகர். என்ன பேசினார்? டீ குடித்தாரா, பீடி கேட்டாரா, என் மேல் வருத்தம் ஏதும் சொன்னாரா? எதுவாக இருந்தாலும் எழுது. போனில் வேண்டாம்.

உன்,
பாலு