வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்

கண்ணு,

பொங்கலுக்கு வந்து வண்டிக்கு ஒயரிங் மாற்றித் தருகிறேன் என்றாய். வரவில்லை, லீவு கிடைத்திருக்காது, பரவாயில்லை. மேஸி 1035 டிராக்டரை நானே பிரித்துவிட்டேன். பழைய ஒயர் முழுக்க வாசலில் கிடக்கிறது, எலி கடித்தது பாதி, வெந்தது பாதி. அம்மா தாண்டித் தாண்டிப் போய்த் திட்டுகிறாள்.

புது ஒயரின் அளவு எழுதுகிறேன், நீ படித்தவன், சரியா என்று பார். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு 50 ஸ்கொயர் எம்எம், எர்த் கேபிளும் அதே தடிமன். கடைக்காரன் 25 போதும் என்றான், அவனுக்கென்ன, செல்ஃப் இழுக்கும்போது 200 ஆம்பியருக்கு மேல் ஓடும், மார்கழிக் குளிரில் டக் டக்கென்று நிற்கப்போவது நான்தானே. டைனமோவை எடுத்துவிட்டு 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன், அதற்கு 6. ஹெட்லைட் இரண்டும் 55 வாட், சேர்த்தால் 9 ஆம்பியர் சொச்சம். 1 ஸ்கொயர் எம்எம் போட்டாலும் எரியும்தான், ஆனால் 4 மீட்டர் போவதற்குள் அரை வோல்ட்டுக்கு மேல் முழுங்கிவிடும், வெளிச்சம் மஞ்சளடிக்கும். அதனால் 2.5, ஃபியூஸ் 15 ஆம்பியர். பின் விளக்குக்கு 1, ஃபியூஸ் 5.

வீட்டு ஒயர் ஒற்றைக் கம்பி கூடவே கூடாது, அதிர்வில் ஒடியும். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டணும். ஃபியூஸ் போனால் பெரிசு போடக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு.

மூன்று வாரமாகப் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாப்பாதான் எடுத்தாள், அப்பா இப்பல்லாம் பகலில் வீட்டில்தான் இருக்கிறார் என்றாள், உடனே மருமகள் போனை வாங்கிக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ ஃபிளாட் வாங்கினபோது டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தவன் நான். சரி, ஒரு மிஸ்டு கால் கொடுக்கவுமா கை வலிக்கிறது? ஃபியூஸ் போனால் பெரிசு போடாதே, எழுதிவிட்டேனா?

நேற்று டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது கட்டையில் ஃபியூஸ் இல்லை, செம்புக் கம்பி, நாலு இழை சேர்த்து முறுக்கினது. என் முறுக்கு எனக்குத் தெரியாதா. நீ பன்னிரண்டாவது படித்தபோது வைக்கோல் போர் பக்கத்தில் வண்டி பற்றிக்கொண்டதே, லைட்டை அணைக்காமல் போய்விட்டாய் என்று உன் மாமன் முன்னால் வாரால் அடித்தேனே. லைட் எரிந்தால் வண்டி பற்றாது கண்ணு. ஒயர் தேய்ந்து பாடியில் பட்டிருக்கிறது, ஃபியூஸ் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அந்த வாரம் ரெண்டு தடவை ஃபியூஸ் போச்சு, உழவு அவசரம், நான்தான் கம்பி சுற்றினேன். அப்புறம் கருகின ஒயரை மட்டும் மாற்றிவிட்டுப் பெட்டியைத் திறக்காமலே விட்டேன். மறந்துபோய் அல்ல, அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். நீ சாப்பிடாமல் திண்ணையில் படுத்திருந்தாய், நான் உள்ளே சாப்பிட்டேன்.

அந்தக் கம்பியைத் தூக்கிப் போடவில்லை, ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

பேட்டரி இன்னும் கட்டவில்லை. 2.5 போதுமா, 4 போடணுமா என்று மட்டும் சொல், மெசேஜ் போதும். தேங்காய் இந்த வெட்டில் நல்ல விலைக்குப் போச்சு, மாசாமாசம் நீ அனுப்புகிற பணத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவை. இங்கே செலவு ஒன்றுமில்லை.

அப்பா