கைவைத்தியக் குறிப்புகளுக்கு அளவும் எல்லையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் பல ஆண்டுகளாக நாட்டு மருந்துக் கடை நடத்தி வருகிறேன். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தலைமுடிக்கும் வீட்டுத் துப்புரவுக்குமான கைவைத்தியக் குறிப்புகள் வெளிவந்தால், மறுநாள் காலையிலேயே அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டோ கைபேசியில் படமெடுத்துக்கொண்டோ வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் எனக்கு வியாபாரம் நடக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, எவ்வளவு, யாருக்கு, எங்கே கூடாது என்பவற்றை விட்டுவிடும் குறிப்புகளால் நல்ல சரக்குக்கும் கெட்ட பெயர் வருகிறது, சில வேளைகளில் ஆளுக்கே தீங்கு நேர்கிறது. இக்கடிதம் எழுதக் காரணம் அதுதான்.

இந்தச் சரக்குகளை நான் வெறும் நம்பிக்கையின் பேரில் விற்பதில்லை. காவிரிக் குழாய் எட்டாத குடியிருப்புகள் இந்நகரில் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. நாம் ‘போர் தண்ணி’ என்று சொல்லும் அந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012இல் வகுத்திருக்கிறது. குளிக்கும் நீரில் அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. இத்தகைய நீரில் கட்டிச் சோப்பைக் கரைத்தால், அது அந்த உலோக உப்புகளோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகித் தலையிலும் வாளியிலும் தங்கிவிடும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின் என்னும் பொருள். அது கடினநீரோடு சேர்ந்து அப்படித் திரிந்து படிவதில்லை. சோப்பு போட்டு முடி சிக்கடைகிறது என்று புலம்புகிறவர்களுக்குச் சீயக்காய் இதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூந்திக்கொட்டையைப் பற்றித் தனியாகவே சொல்லலாம். இங்குள்ள கன்னடக்காரர்கள் அதை ‘அண்டுவாளகாயி’ என்று கேட்டு வாங்குவார்கள். நகைத் தொழிலாளர்கள் மெருகிட்ட நகையை அலசவும், வீடுகளில் பட்டுப் புடவையை நனைக்கவும் வாங்குகிறார்கள். பட்டு ஒரு புரத இழை. காரம் மிகுந்த சலவைத்தூள் அதை அரித்துவிடும், பூந்திக்கொட்டை நீர் அப்படிச் செய்யாது. இவ்வளவு நல்ல பொருளையும் குறிப்புகளில் அரைகுறையாகச் சொல்கிறார்கள். நுரை தருவது தோல் மட்டுமே என்பதால் உள்ளிருக்கும் கருங்கொட்டையை நீக்க வேண்டும், தோலை வெந்நீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்ட வேண்டும், பதனப்பொருள் எதுவும் இல்லாததால் வடித்த நீரை வெளியே வைத்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்ற நான்கு செய்திகளையும் எழுத நான்கு வரி போதும்.

இனித் தலைத்தோலுக்கு வருகிறேன். பொடுகு என்றதும் எல்லாக் குறிப்புகளும் எண்ணெயைத்தான் காட்டுகின்றன. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று உண்டு (எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்). ஆனால் அது முடியைப் பற்றிய செய்தி. பொடுகு தோலில் வருவது. எல்லோருடைய தலைத்தோலிலும் வாழும் மலசீசியா என்னும் நுண்பூஞ்சை, அங்கே சுரக்கும் கொழுப்பைத் தின்றபின் வெளியிடும் கழிவு சிலருடைய தோலை உறுத்துவதால்தான் செதில் உதிர்கிறது. அந்தத் தலையில் இரவு முழுவதும் எண்ணெயை ஊறவிடுவது, பூஞ்சைக்கு மேலும் தீனி போடுவதாகவே முடியக்கூடும். மஞ்சள் நிறச் செதிலும் சிவப்பும் அரிப்பும் சேர்ந்து, புருவத்திலும் மூக்கோரத்திலும் பரவியிருந்தால், கீட்டோகொனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்புவுக்கு நிகரான சரக்கு என் கடையில் இல்லை என்று சொல்லித் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். குழந்தையின் தலையில் வட்டமாக முடி முறிந்து செதிலடித்திருந்தால், அது படர்தாமரையாக இருக்கலாம். பூஞ்சை முடிவேருக்குள் இறங்கிவிடுவதால் மேல்பூச்சு மட்டும் போதாது, மருத்துவர் தரும் உள்மருந்து தேவை. வேப்பிலையை அரைத்துப் பூசிக் கடத்தும் ஒவ்வொரு வாரமும் வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளுக்கும் அது தொற்றுவதற்கான அவகாசம்.

சின்ன வெங்காயச் சாற்றுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. புழுவெட்டு விழுந்த இடத்தில் வெங்காயத்தைத் தேய்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். பாக்தாத் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் அந்த இடத்தில் முடி முளைத்திருந்தது. புழுவெட்டு தானாகவே சரியாவதும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும் இது பொருட்படுத்தத்தக்க செய்திதான். ஆனால் அதே சாறு பரம்பரை வழுக்கையிலும் முடி முளைக்கச் செய்யும் என்று எழுதுவதற்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை. சமையல் சோடாவைத் தலையில் தேய்க்கச் சொல்வதையும் கைவிடலாம். தலைத்தோல் இயல்பாகச் சற்று அமிலத்தன்மை உடையது, சோடாக் கரைசலோ காரம்.

என்னை இக்கடிதம் எழுத வைத்தது, பேனுக்குச் சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசச் சொன்ன அண்மைக் குறிப்புதான். பேன் சாகும், அதில் ஐயமில்லை. அந்த விதையில் பூச்சியைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது. அதே நஞ்சு கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்படலத்தைப் புண்ணாக்கும். தலைக்குப் பூசிய கலவை வழிந்து கண்ணில் இறங்கி, தாங்க முடியாத வலியும் சிவப்புமாக, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பேன் பெரும்பாலும் பள்ளிக்குழந்தைகளுக்குத்தான் வருகிறது; பூசிய தலையோடு ஒரு குழந்தை கண்ணைத் தேய்க்காமல் உட்கார்ந்திருக்குமா? அந்தக் குறிப்பில் கண் என்ற பேச்சே இல்லை. ஈரத்தலையில் பல் நெருங்கிய பேன் சீப்பால், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வாரினால், ஈர் பொரிந்து வரும் புதுப்பேனும் அகப்பட்டுவிடும். பொறுமையில்லாதவர்களுக்கு மருந்துக்கடையில் பெர்மெத்ரின் கழுவு மருந்து கிடைக்கிறது. சீத்தாப்பழ விதையை நான் விற்பதில்லை. ஆனால் பழம் சாப்பிடும் எந்த வீட்டிலும் அது குப்பையில் கிடக்கும் என்பதால், கடைக்காரன் மறுப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அச்சில் வந்தது அச்சிலேயே திருத்தப்பட வேண்டும்.

துப்புரவுக் குறிப்புகளில் நான் மிகுதியாகக் காண்பது வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலக்கச் சொல்வது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணித்துக்கொண்டபின் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பொங்கும் நுரை கரியமில வாயுவே தவிர அழுக்கை நீக்கும் ஆற்றல் அன்று. தனித்தனியே இரண்டும் பயனுள்ளவை. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, குழாயில் படிந்த உப்புக்கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சை, பித்தளை விளக்குக்குப் புளி. ஆனால் கடப்பைக் கல்லும் சலவைக்கல்லும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. சிமெண்டில் இழைத்த ரெட் ஆக்சைடு தரையும் அமிலம் தாங்காது. பெங்களூரின் பழைய வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட தரையும் சமையல் மேடையும் இவைதாம் என்று என் வாடிக்கையாளர்களின் பேச்சிலிருந்து ஊகிக்கிறேன். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு நீர் சேர்த்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் ‘பயோ என்சைம்’ கரைசலும் அமிலம்தான். இறுக மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும் என்பதையும், வீட்டில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டிருக்கும்போது கழிப்பறைக்கு அது போதாது, பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ கழிப்பறை ஆசிட்டையோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத சிறிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். துப்புரவுப் பக்கம் வெளிவரும் ஒவ்வொரு முறையும் இந்த ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டால்கூட எனக்கு நிறைவே.

சலவைத்தூளைக் குறைக்கச் சொல்லும் தங்கள் நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. பெல்லந்தூர் ஏரி நுரை ததும்பிச் சாலைக்கு வந்ததையும், 2015இலும் 2017இலும் தீப்பற்றியதையும் நாடே பார்த்தது. சுத்திகரிக்காத கழிவுநீரோடு நம் வீடுகளின் சலவை நீரும் அதில் கலந்திருந்தது. அங்கிருந்து வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேரும் நீர் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் மீண்டும் நுரையாக நிற்பதைத் தங்கள் தமிழகப் பதிப்பின் வாசகர்களும் அறிவார்கள். ஆயினும் பூந்திக்கொட்டை நீரை எங்கே ஊற்றினாலும் தீங்கில்லை என்று எழுதிவிடாதீர்கள். சபோனின் மீனுக்கு நஞ்சு. தொட்டி மீன் வளர்க்கும் வீட்டில் இதை எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும்.

வழுக்கையையும் இளநரையையும் குணப்படுத்துவதாக உரிமை கோரும் மருந்துகளுக்கு, 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள ‘ஜே’ அட்டவணை தடை விதித்திருக்கிறது. விற்பனையாளனாகிய நான் பொட்டலத்தின் மேல் அச்சிடக் கூடாத ஒன்றை, வாசகர் நம்பும் நாளிதழ் குறிப்பு என்ற பெயரில் அச்சிடுவது முறையன்று. ஆகவே, இனி வெளியிடும் ஒவ்வொரு குறிப்பையும் ஒரு தோல் மருத்துவரோ சித்த மருத்துவரோ படித்துப் பார்த்த பின்னரே அச்சேற்றும்படியும், அளவு, படக்கூடாத இடம், எந்த நிலையில் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற மூன்றையும் குறிப்போடு சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சீத்தாப்பழ விதைக் குறிப்புக்கான திருத்தத்தை, அது வெளிவந்த அதே பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமையே வெளியிட வேண்டும். கத்தரித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
அல்சூர், பெங்களூரு.