சுருட்டை முடியை இரவெல்லாம் ஊறவைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. கண்டிஷனரைத் தலை நிறையப் பூசி, பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொண்டு தூங்கி, காலையில் அலச வேண்டுமாம். வாரத்துக்கு மூன்று முறை செய்யலாமாம். கிருஷ்ணகிரியில் முடி பராமரிப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் நாங்கள். எவ்வளவு பூசுவது, எந்தத் தண்ணீரில் அலசுவது என்ற இரண்டையும் சொல்லாமல், இரவெல்லாம் வைக்கச் சொல்லும் அந்தக் குறிப்பை நம்பிச் செய்தால் முடிக்கும் கேடு, தலைத்தோலுக்கும் கேடு.

இங்கே பேச்சு நெருக்கச் சுருட்டையைப் பற்றியது. தொங்கவிட்டால் காதளவு, இழுத்துப் பிடித்தால் தோளளவு என்று இருக்கும் முடி. அமெரிக்க முடி ஒப்பனையாளர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் முடியை 1 முதல் 4 வரை எண்ணிட்டுப் பிரித்தார். 1 என்றால் கோரை முடி, 4 என்றால் நெருக்கச் சுருட்டை. நம் வீடுகளில் சுருட்டை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி 2, 3 எண்களுக்குள் அடங்கிவிடும். நாலாம் எண் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம்; நம்மிடையேயும் இல்லாமல் இல்லை. யூடியூபில் சுற்றும் ‘டீப் கண்டிஷனிங்’, அதாவது கண்டிஷனரை நிறையப் பூசி நெடுநேரம் ஊறவைக்கும் செய்முறைகள் பல அந்த நாலாம் எண் முடிக்காக ஏற்பட்டவை. லேசான அலை முடி உள்ளவர் அதை அப்படியே எடுத்துச் செய்தால் முடி பிசுபிசுத்துத் தட்டையாகப் படிந்துவிடும்.

நெருக்கச் சுருட்டைக்குக் கண்டிஷனர் தேவை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் கோரை முடியில் நுனிவரை வழிந்து இறங்கும். சுருளில் வேருக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். இந்த முடியின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் முடியை ஓட்டுக்கூரை போல மூடியிருக்கும் மேல்செதில் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த வளைவுகளில்தான் சிக்கு விழும், அங்கேதான் முறியும்.

கண்டிஷனர் முடிக்குச் ‘சத்து’ கொடுக்கிறது என்ற விளம்பரப் பேச்சைத்தான் முதலில் மறக்க வேண்டும். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிர் கிடையாது. அது எதையும் சாப்பிடாது. உண்மையில் நடப்பது இது: முடியில் தேய்ந்துபோன இடங்கள் எதிர்மின் தன்மை கொண்டவை. கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின் தன்மை கொண்டவை. ஆகவே அவை போய் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. கூடவே சீட்டைல், ஸ்டியரில் ஆல்கஹால்கள் மெழுகு போன்ற மெல்லிய படலமாகப் படிகின்றன. (லேபிளில் ஆல்கஹால் என்று கண்டதும் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் உண்டு. இந்த இரண்டும் முடியை வறட்டுபவை அல்ல, வழவழப்பாக்குபவை.) ஒட்ட வேண்டியதில் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே ஒட்டிவிடும். இடம் நிரம்பியபின் மேலும் ஒரு கை அள்ளிப் பூசினால் அது சாக்கடைக்குத்தான் போகும்.

அப்படியென்றால் எட்டு மணி நேரத்தில் கூடுதலாக நடப்பது என்ன? முடி தண்ணீரில் ஊறுகிறது. முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். தடிமன் 15 சதவீத அளவுக்குப் பெருக்கும், நீளம் மட்டும் ஓரிரு சதவீதம்தான் கூடும். பெருக்கும்போது செதில்கள் தூக்கும், காயும்போது படியும். இதே ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப நடந்தால் முடி தளர்ந்துபோகும். ஹைக்ரல் ஃபெட்டீக் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். பிளீச், கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடியில் மேற்புறத்து இயற்கைக் கொழுப்புப் படலம் ஏற்கெனவே போயிருப்பதால் இது வேகமாக நடக்கும். ஈர முடி காய்ந்த முடியைவிட எளிதாக நீளும், எளிதாக முறியும். அதை வைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தலையணையில் புரள்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் உறைக்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. காது மடலுக்குப் பின்னால் செதிலாக உரிந்து நீர் கசிகிறது என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, இரவில் தலையில் என்ன போட்டுக்கொண்டு படுக்கிறீர்கள் என்பதுதான்.

ஆக, அளவு மீறுகிறதா என்றால், மீறுகிறது. ஆனால் ‘கண்டிஷனர் அதிகமாகி முடி கெட்டுவிட்டது’ என்று சொல்லும் பலருக்கு உண்மையில் கெட்டிருப்பது வேறொன்று. மூன்று நிலைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மிகப் பரவலானது பூச்சுப் படிவது. முடி மங்கிக் கிடக்கும், தொட்டால் மெழுகு தடவியதுபோல இருக்கும், தண்ணீர் ஊற்றினால் நனையாமல் முத்து முத்தாக உருளும். நகத்தால் முடியை வழித்தால் வெள்ளையாக வரும். டைமெதிகோன் போன்ற சிலிகோன்கள் தண்ணீரில் கரையாதவை. அவை உள்ள கண்டிஷனரைப் பூசிவிட்டு, மிக மென்மையான ஷாம்புவாலோ வெறும் கண்டிஷனராலோ மட்டும் அலசி வந்தால் படலத்தின் மேல் படலமாக ஏறிக்கொண்டே போகும். இது சேதம் அல்ல. நுரைக்கிற சல்ஃபேட் ஷாம்பு போட்டு ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் குளித்தால் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது, ஊறித் தளர்ந்த முடி. நனைந்திருக்கும்போது கொழகொழவென்று இருக்கும். காய்ந்த பிறகும் சுருள் கூடாமல் பஞ்சாய்ப் பரந்து நிற்கும். மூன்றாவது, ரசாயனத்தாலோ சூட்டாலோ வறண்டு முறியும் முடி. இதற்குக் கண்டிஷனரைக் குறைப்பது தப்பான வைத்தியம்.

எது என்று பார்க்க, சீப்பில் உதிர்ந்த முடிகளில் நாலைந்தைத் தலையின் வேறு வேறு பக்கங்களிலிருந்து எடுத்துத் தண்ணீரில் நனையுங்கள். ஒரு முடியின் இரு முனைகளையும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இடுக்கில் பிடித்து மெல்ல இழுங்கள். சுருட்டையில் முதலில் சுருள்தான் பிரியும். அதை முடி நீள்வதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். முடி நேராக வந்த பிறகு இன்னும் சிறிது இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருண்டால் முடி நன்றாக இருக்கிறது. சூயிங்கம் போல நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் நின்றால் ஊறித் தளர்ந்திருக்கிறது. நீளாமலே பட்டென்று அறுந்தால் வறட்சி. துல்லியமான சோதனை இல்லை. ஆனாலும் நாலைந்து முடியும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நம்பலாம்.

இனி நம் மாவட்டங்களுக்கே உரிய விஷயம், தண்ணீர். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல வீடுகளில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், குளிக்க போர் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, கால்சியமும் மக்னீசியமும் கலந்த அந்த உப்பு முடியிலும் படியும். முடி முரடாகிறது, உடனே ‘வறண்டுவிட்டது’ என்று கண்டிஷனரை இரட்டிப்பாக்குகிறார்கள், உப்பின்மேல் மெழுகு ஏறுகிறது. ஃபுளோரைடுதான் முடியைக் கெடுக்கிறது என்பவர்களும் உண்டு. ஃபுளோரைடு பற்றிய பயம் நம் பக்கத்தில் நியாயமானது, ஆனால் அது குடிக்கும் தண்ணீர் வழியாகப் பல்லையும் எலும்பையும் தாக்குகிற சங்கதி. குளியலறையில் முடியை முரடாக்குவது கால்சியம், மக்னீசிய உப்புகளால் வரும் கடினத்தன்மைதான். குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் இந்தத் தண்ணீரில் அது பிசினாகத் திரிந்து முடியில் ஒட்டும். சீயக்காயும் அரப்பும் அப்படித் திரியாது, அவற்றின் நுரை வேறு வகை. ஆனால் சலிக்காத பொடி சுருளுக்குள் மாட்டிக்கொண்டு எடுக்கவே முடியாது. மெல்லிய துணியில் சலித்து, கரைத்து, வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

நாங்கள் சொல்லும் முறை இது. வாரம் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் தலைக்குக் குளிக்கலாம். குளிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, காய்ந்த முடியில் 15 மில்லி தேங்காய் எண்ணெயை, அதாவது ஒரு மேசைக்கரண்டி, தலைத்தோலை விட்டுவிட்டு நடுவிலிருந்து நுனிவரை தடவுங்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். என்றாலும் இந்தக் கருத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. முடி அதிகமாக ஊறிப் பெருக்காமலும் அது தடுக்கிறது.

பிறகு ஷாம்பு, தலைத்தோலுக்கு மட்டும். இறங்கும் நுரையே நுனிக்குப் போதும். தண்ணீரைக் கையால் பிழிந்துவிட்டு, தோளளவு அடர்ந்த முடிக்கு 20 முதல் 30 மில்லி கண்டிஷனர். முடியை நாலு பாகமாகப் பிரித்துக்கொண்டு, வேரிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுப் பூசுங்கள். விரலால் சிக்கு எடுத்த பிறகு அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து மேல்நோக்கி. 3 முதல் 5 நிமிடம் போதும். ‘மாஸ்க்’ என்று விற்பதை 15 நாளுக்கு ஒரு முறை, 20 நிமிடம். அதற்கு மேல் வைப்பதால் எதுவும் கூடுவதில்லை. கடைசியாக இரண்டு லிட்டர் ஒகேனக்கல் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றி அலசினால், போர் தண்ணீரின் உப்பு முடியிலேயே காய்ந்து நிற்காது.

போர் தண்ணீர்க்காரர்கள் 15 நாளுக்கு ஒரு முறையும் மற்றவர்கள் மாதம் ஒரு முறையும் படிவு நீக்கும் குளியல் எடுக்க வேண்டும். லேபிளில் ஈடிடிஏ (EDTA, தண்ணீரின் உப்பைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) என்று முடியும் பெயர் உள்ள, நன்றாக நுரைக்கும் ஷாம்புவாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஷாம்புவுக்குப் பின் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து அலசிவிட்டுக் கண்டிஷனர் போடுங்கள். தலையில் புண் இருந்தால் வேண்டாம். எலுமிச்சையை அப்படியே பிழிந்து தேய்ப்பது எரிச்சலைத்தான் தரும்.

சமையலறைச் சரக்குகளில் ஊறவைத்து அரைத்த வெந்தயமும் செம்பருத்தி இலைத் தாளியும் வழவழப்புத் தந்து சிக்கெடுக்க உதவும். அவற்றையும் வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. மேலே காய்ந்து விறைப்பாக நிற்பதோடு சரி. ஊறித் தளர்ந்த முடிக்குப் புரதம் வேண்டுமானால், ஹைட்ரோலைஸ்டு (சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டது) என்ற சொல்லோடு கெரட்டினோ கோதுமைப் புரதமோ சேர்ந்த பொருளை ஆறு வாரத்துக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். அடிக்கடி போட்டால் முடி விறைத்துக்கொள்ளும்.

காய வைப்பதில் நடக்கும் தவறுகளும் கண்டிஷனர் கணக்கில் எழுதப்படுகின்றன. ஈரிழைத் துண்டை முறுக்கி முடியை அடித்துக் காயவைப்பது கோரை முடிக்கே ஆகாது; சுருட்டையில் முடிச்சு விழுந்துவிடும். துண்டால் ஒற்றி எடுங்கள். மார்கழிப் பனியில் ஓசூர், தளி பக்கம் நெருக்கச் சுருட்டை காய அரை நாள்கூட ஆகலாம். அந்த மாதங்களில் காலைக் குளியலை விட்டுவிட்டு, வெயில் ஏறிய பின் விடுமுறை நாளில் தலைக்குக் குளியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலை ஏழரை மணிக்குத் தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி அனுப்பினால், சாயங்காலம் சடையை அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். பிள்ளையின் முடி ‘தொட்டாலே அறுகிறது’ என்று வரும் தாய்மார்கள் கண்டிஷனரை மாற்றிப் பார்ப்பதற்கு முன் இதை மாற்றிப் பார்க்கட்டும்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சுருட்டையில் உதிர்ந்தது கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, குளிக்கும் நாளில் மொத்தமாகக் கைக்கு வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, நெற்றிப்பொட்டு ஓரத்தில் முடி பின்வாங்கினாலோ, அரிப்போடு செதில் உரிந்து நீர் கசிந்தாலோ அது எங்கள் வேலையில்லை. எங்களைப் போன்ற கடைகளில் பணத்தைக் கொட்டாமல், தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது தலைக்கு என்னென்ன போட்டீர்களோ அந்தப் பாட்டில்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
அழகு நிலையப் பணியாளர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி