கொடுத்துக் கெட்டவர் அல்லர் சந்திரசேகர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் 'படிக்காத மேதை' படத்தைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1960-இல் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த அந்தப் படத்தை இன்றைய இளைஞர்களுக்கு நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால், அதில் வரும் ராவ்பகதூர் சந்திரசேகரைக் கட்டுரையாளர் 'அள்ளிக் கொடுத்தே அழிந்த ஏமாளி' என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டுகிறேன். அவருடைய செல்வம் கரைவது பங்கு வியாபாரத்தில் வந்த நஷ்டத்தால். யாருக்கோ சோறு போட்டதால் அன்று. கை சுருங்கிய செய்தி பரவியதும் சம்பந்தம் பேசியவர்கள் விலகுகிறார்கள், பெற்ற பிள்ளைகளின் பேச்சும் மாறுகிறது. ஆதரவற்றவனாக வந்து அந்த வீட்டில் வளர்ந்த, எழுத்தறியாத ரங்கன் மட்டுமே மாறாமல் இருக்கிறான். கணக்குப் பார்த்துப் போட்ட முதல் மூழ்கிப்போனபோது, கணக்கே பார்க்காமல் போட்ட சோறுதான் அவருக்கு மிஞ்சியது. அப்படிப்பட்டவரை ஏமாளி என்றால், அவரை விட்டு விலகிய கெட்டிக்காரர்களை என்னவென்று சொல்வது?

ரங்கனாக நடித்த சிவாஜியின் நடிப்பைக் கட்டுரை விரிவாகப் பாராட்டியிருந்தது. அதில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. ஆனால் சந்திரசேகராக நடித்த எஸ்.வி. ரங்காராவுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. 1918-இல் பிறந்த அவர் அந்த முதியவர் வேடத்தை ஏற்றபோது அவருக்கு 42 வயதுகூட நிறையவில்லை. மகனைப் போல நடித்த சிவாஜியைவிடச் சுமார் பத்து வயதுதான் மூத்தவர். கம்பீரமாக வளைய வந்த வீட்டிலேயே தம் குரல் எடுபடாமல் போவதை அவர் காட்டிய விதத்தினால்தான் ரங்கனின் விசுவாசத்துக்கே படத்தில் ஒரு கனம் வருகிறது. 1962-இல் தெலுங்கில் 'ஆத்மபந்துவு' என்று இதே கதையை எடுத்தபோது ரங்கன் வேடத்துக்கு என்.டி. ராமாராவ் வந்தார், பெரியவர் வேடத்துக்கோ ரங்காராவையே மறுபடியும் அழைத்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இவ்வளவு அழுத்தமாக நான் எழுதுவதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. என் தந்தையார் கோத்தகிரிக்கு அருகே ஒரு சிறிய மளிகைக் கடை நடத்தினார். சுற்றிலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்த சிறு விவசாயிகளும், லைன் வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். 'இலைப் பணம் வந்ததும் தருகிறேன்' என்ற ஒரு வார்த்தைக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுப்பார். 1998-க்குப் பிறகு பசுந்தேயிலை விலை சரிந்தபோது இலைப் பணம் சுருங்கியது. பறிக்கும் கூலிக்கே கட்டவில்லை என்று சிலர் கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். கடையிலிருந்த பற்று நோட்டுகள் நிரம்பின, கல்லாப்பெட்டி காலியாயிற்று. ஐந்தாம் ஆண்டு கடை கைமாறியது. கொடுத்துக் கெட்டான் என்றுதான் ஊரும் சொன்னது, உறவும் சொன்னது. விலை விழுந்ததை யாரும் சொல்லவில்லை.

அந்த நோட்டுகளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் தாள்கள் உப்பி, மை பரவி, பெயர்களில் பாதியைப் படிக்க முடியாது. படிக்க முடிகிற ஒரு பெயர், இலை மூட்டை சுமந்து பிழைத்த ஒருவருடையது. கடை போன பிறகு ஞாயிறுதோறும் அவர் தம் வீட்டுப் பின்புறத்தில் விளைந்த கேரட்டையும் பீன்ஸையும் துண்டில் முடிந்து கொண்டுவந்து, எங்கள் திண்ணையில் வைத்துவிட்டு, பேசக்கூட நிற்காமல் போய்விடுவார். வாங்கிக்கொள்ள என் தந்தையார் கூசுவார்; அம்மாதான் உள்ளே எடுத்துப்போய் வைப்பார். பிற்பாடு ஒரு நாள் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியபோது, ரங்கன் இல்லாத வீட்டில் ரங்காராவ் அவனையே நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், தந்தையார் கழுத்து மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். குளிருக்காகத் துடைத்ததாகச் சொன்னார்.

கடைசியாக ஒரு பிழை. அந்த இடத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடும் 'எங்கிருந்தோ வந்தான்' பாடலைத் திரைக்கவிஞர் ஒருவர் எழுதியதாகக் கட்டுரை குறிப்பிடுகிறது. அது பாரதியார் கண்ணன் பாட்டில் 'கண்ணன் - என் சேவகன்' என்ற தலைப்பில் பாடியது. படத்துக்கு இசையமைத்தவர் கே.வி. மகாதேவன். மூலப் பாட்டு 'கூலிமிகக் கேட்பார் கொடுத்ததெலாம் தாம்மறப்பார்' என்று தொடங்குகிறது. பாரதி அதை வேலைக்காரர்களைப் பற்றிச் சொன்னார். என் தந்தையார் பற்று நோட்டைப் புரட்டும்போதெல்லாம் அந்த வரியின் பிற்பாதியான 'கொடுத்ததெலாம் தாம்மறப்பார்' என்பதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.