தெராகு நின்ற இடம்

ரங்கூன்
2-3-2026

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தவக்காலம் முடியும்வரை அத்தோ என்கிற நம் பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைப் பக்கமே போவதில்லை என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். நான் டப்பாப் பால் டீயை விட்டிருக்கிறேன். திருநீற்றுப் புதனன்று ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்ததோடு சரி. மறுநாளிலிருந்து அதே டீக்கடையில், அதே குட்டை ஸ்டூலில், வெறும் பச்சைத் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறேன். அது இங்கே இலவசம். இது தவமா சிக்கனமா என்று கடைக்காரருக்கே சந்தேகம்.

நேற்று பூசையில் முதல் வாசகம் பைபிளின் தொடக்கநூல் 12-ஆம் அதிகாரம். நாட்டையும் சொந்தங்களையும் அப்பா வீட்டையும் விட்டுக் கிளம்பு என்கிறார் ஆண்டவர். ஆபிராமுக்கு அப்போது வயது 75. நமக்கு இன்னும் ஐந்து வருஷம் பாக்கி. வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை ஏற்றி முந்தின பக்கத்தைப் புரட்டினேன். இத்தனை வருஷமாகக் கேட்டும் இதைக் கவனித்ததே இல்லை: கானானுக்கு முதலில் கிளம்பியவர் அவருடைய அப்பா தெராகு. குடும்பத்தோடு புறப்பட்டவர், நடுவழியில் காரானில் குடியேறி அங்கேயே இறந்துபோனார். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. கிணறும் நிழலும் பிடித்திருக்கும்.

என் அப்பா ஞாபகம் வந்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றானதும் உன் அப்பா இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார். என் அப்பாவும் கொடுத்தார். பெட்டி கட்டியாயிற்று. அம்மா அம்மிக்கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அப்புறம் ஒரு ராத்திரி, "இந்த வேப்ப மரத்தை விட்டுட்டு எங்கே போறது" என்று பெட்டியை அவிழ்த்துவிட்டார். கொடுத்த கல்லைத் திரும்பக் கேட்க அம்மாவுக்குக் கூச்சம். கடைசிவரை அந்த வீட்டுக்குப் போய்த்தான் மசாலா அரைத்துக்கொண்டு வந்தாள்.

அதே வீட்டில்தான் நான் இருக்கிறேன். இப்போது பேரன் தாய்லாந்துக்குக் கிளம்புகிறான். 22 வயது. காரணம் உனக்கே தெரியும், கடிதத்தில் வேண்டாம். வேலை எது, தங்குவது எங்கே, தெரியாமல் எப்படிப் போவாய் என்று மூன்று மாதமாகத் தடுத்தவன் நான்தான். சிலுவைப் பாதையில் ஊருக்கெல்லாம் "ஆண்டவர்மேல் பாரத்தைப் போடுங்கள்" என்று செபம் சொல்கிற வாய்! அவன் இருந்தால் எனக்கு மருந்து வாங்க ஒரு ஆள் உண்டு. உள்ளதைச் சொன்னால் அதுதான். பால் டீயைக் கைவிட முடிந்தது, இதை முடியவில்லை.

நேற்று ராத்திரி அவனைக் கூப்பிட்டு அவன் பாட்டியின் வளையல் இரண்டையும் கொடுத்து, "வித்துக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அப்புறம், "தாத்தா, டீக்கடைக்கு உங்ககூட யார் வருவா?" என்றான்.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். சென்னையில் சாந்தோம் கோயிலில் அவனுக்காக ஒரு பூசைக்குக் கொடு.

உன் பழைய நண்பன்