எந்த நம்ம ஊர்?

சிக்குவானி, பெரு
ஜூன், செவ்வாய் இரவு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "நம்ம ஊர்ல உறைபனி ஆரம்பிச்சிருச்சு, குழாய்த் தண்ணிகூட கட்டியாப் போச்சு" என்றேன். "எந்த நம்ம ஊரும்மா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாய். நெட் நன்றாகத்தான் இருந்தது, உன் வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம்வரை கேட்டது. இங்கே காலை 8 மணி, உனக்கு மாலை 6:30. அன்றைக்கு ஆராதனையில் எனக்கு மனசு நிற்கவே இல்லை.

வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால் பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறேன். அப்பா நாளைக்குப் போட்டோ எடுத்து அனுப்புவார்.

"அங்க அப்படி என்னதான் செய்றீங்க?" என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் அப்பா ஊருக்கு எழுதுகிற ஜெபக் கடிதத்தில் ஒரு நகலை உனக்கு அனுப்பிவைத்தோம். அது தப்பு. அந்தக் கடிதத்தில் ஞானஸ்நானம் இருக்கும், கூட்டம் இருக்கும், ஜெபக்குறிப்பு இருக்கும். உருளைக்கிழங்கு இருக்காது. உண்மையைச் சொன்னால் என் நாளில் முக்கால்வாசி உருளைக்கிழங்குதான்.

இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,550 மீட்டர் உயரம். தண்ணீர் 88 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும், ஆனால் அதில் எதுவும் வேகாது. வந்த புதிதில் ஒரு நாள் சாம்பாருக்குப் பருப்பைச் சட்டியில் போட்டுவிட்டு, காலையிலிருந்து மத்தியானம்வரை அதற்குக் காவல் இருந்தேன். கடைசியில் கல்லைக் கடிப்பது போலத்தான் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த 5 லிட்டர் குக்கர் மட்டும் இல்லையென்றால் அப்பா இந்நேரம் ஊழியத்தை விட்டுவிட்டு ஓடியிருப்பார். இந்த ஊர்க்காரர்கள் வீட்டிலும் குக்கர்தான், வேறு வழி கிடையாது.

போன வாரம் மேலே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். கோம்பி வேனில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் நடை. 4,000 மீட்டருக்கும் மேலே, மரமே கிடையாது, மஞ்சளாக இச்சுப் புல் மட்டும். இது சுன்யோ போடுகிற மாதம். நாம் மோர் மிளகாயும் கத்தரி வற்றலும் வெயிலில் போடுகிறோம் அல்லவா, இவர்கள் உருளைக்கிழங்கைப் பனியில் போடுகிறார்கள். சின்னக் கிழங்காகப் பொறுக்கிப் புல் மேல் பரப்பிவிடுவார்கள். ராத்திரி உறையும், பகல் வெயிலில் இளகும். மூன்று நாலு நாள் இப்படியே கிடந்ததும் சின்னச் சின்னக் குவியலாகக் கூட்டி, வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிய வேண்டும்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். முதலில் உள்ளங்கால் எரிகிறது, அப்புறம் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. காலுக்கடியில் கிழங்கு 'புளுக் புளுக்' என்று நீரைத் துப்பும், தோல் விரலிடுக்கில் சுருண்டு வரும். பக்கத்தில் மிதித்த பாட்டிக்கு எழுபது வயதுக்குக் குறையாது. அவர் காலைப் பார்த்தேன், குதிகால் வெடிப்பில் ஒரு காசைச் செருகி வைக்கலாம். ஆனால் தாளம் தப்பாமல், அரை வட்டம் இந்தப் பக்கம், அரை வட்டம் அந்தப் பக்கம் என்று மிதித்துக்கொண்டே போனார். நான் இரண்டு தடவை வழுக்கினேன். பிழிந்து காய்ந்த கிழங்கு கறுத்து, சுக்கு மாதிரி லேசாகிவிடும். வருஷக்கணக்காகக் கெடாது. சூப்பில் போட்டால் எனக்கு இன்னமும் ஈரச் சாக்கு வாசனைதான் அடிக்கிறது. பதினொரு வருஷத்தில் பழகாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அப்பா ருசித்துச் சாப்பிடுவார். அவருக்கு எதுதான் பிடிக்காது?

சபை வேலை என்றால் நம் ஊர் மாதிரி மணி அடித்ததும் ஆள் வந்து உட்கார்வது கிடையாது. ஆராதனை 10 மணி என்று சுவரில் எழுதியிருக்கிறது. 11 மணிக்கு முதல் பாட்டு ஆரம்பித்தால் ஸ்தோத்திரம். ஆடுகளையும் அல்பாக்காக்களையும் மேய்ச்சலுக்கு விட்டுவிட்டுத்தான் வர முடியும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சரங்கோ என்று கிதார் மாதிரி ஒரு சின்ன வாத்தியம், அதை வைத்துக்கொண்டு பாடுவார்கள். கிழவிகள் இந்த மலைநாட்டு மொழியான கெச்சுவாவில் ஜெபிப்பார்கள், பேரப்பிள்ளைகள் ஸ்பானிஷில் பதில் சொல்லும். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் இங்கே நிறையப் பேர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்த நாட்டில் ஓட்டு கிடைத்ததே 1979 அரசியல் சட்டத்தில்தான். இன்றைக்கு ஒரு அம்மா தன் பெயரை முதல் தடவையாக முழுசாக எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டார், ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

சபைக்கு வருவதால் என்ன பிரயோஜனம் என்று பெண்களைக் கேட்டால், பாதிப் பேர் மோட்சத்தைச் சொல்ல மாட்டார்கள், "அவர் குடிப்பதை விட்டுவிட்டார்" என்பார்கள். இங்கே கரும்புச் சாராயம் அப்படி. குடிப்பதற்கு முன்னால் முதல் சொட்டைப் பூமித் தாய்க்கென்று தரையில் ஊற்றுவார்கள், பச்சமாமாவுக்கு. அதைக் கண்டித்து அப்பா பிரசங்கம் பண்ணுவார். நான் வாயைத் திறக்க மாட்டேன். முதல் சொட்டை விட மிச்சமுள்ள பாட்டில்தான் அந்த வீட்டை அழிக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கொக்கா இலைத் தேநீர் விஷயமும் அப்படித்தான். மூப்பர் ஒருவருக்கு நான் அதைக் குடிப்பது பிடிக்கவில்லை. மலை ஏறின தலைவலிக்கு அதுதான் கேட்கிறது, நான் என்ன செய்ய?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

கெச்சுவாவில் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும். வீடு என்றால் வாசி. வாசிப்பி என்றால் வீட்டில், வாசிமந்தா என்றால் வீட்டிலிருந்து. ஒட்டிக்கொண்டே போகும், நமக்கு லேசு. அதைவிட, நமக்கு இருக்கிற நாமும் நாங்களும் இவர்களுக்கும் உண்டு. கேட்கிறவரையும் சேர்த்தால் ஞொக்காஞ்சிஸ், சேர்க்காவிட்டால் ஞொக்காய்க்கு. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நானோ கெச்சுவாவை ஸ்பானிஷ் வழியாகப் படித்தேன், அதனால் வந்தது வினை. இரண்டாம் வருஷம், சபைக்கு முன்னால் நின்று கெச்சுவாவில் முதல் தடவை ஜெபித்தபோது, எங்கள் பாவங்களை மன்னியும் என்பதற்கு ஹுச்சாய்க்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஹுச்சாஞ்சிஸ் என்று சொல்லிவிட்டேன். ஆண்டவரே, உம்முடைய பாவத்தையும் எங்கள் பாவத்தையும் சேர்த்து மன்னியும்! முன் வரிசைக் கிழவிகள் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். தமிழில் எந்தக் குழந்தையும் செய்யாத தப்பு. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று நாலு வயதிலிருந்து சொல்லி வளர்ந்தவள் நான், 'நம் பிதாவே' என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா?

இதைச் சொன்னால் அப்பா உடனே சரித்திரத்துக்குப் போய்விடுவார். தென் அமெரிக்காவில் அச்சான முதல் புத்தகம் 1584-ல் லீமாவில் வந்த ஞானோபதேசப் புத்தகமாம், ஸ்பானிஷ், கெச்சுவா, அய்மாரா மூன்றிலும் சேர்த்து. அதிலேயே இந்த ஜெபம் 'யாயாய்க்கு' என்றுதான் ஆரம்பிக்கிறதாம், எங்கள் பிதாவே. நம் தமிழ் ஞானோபதேசப் புத்தகமான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது 1578. ஆறு வருஷம் முந்திவிட்டோம் என்று அவருக்கு ஒரு பெருமை, ஏதோ அவரே அச்சுக் கோர்த்த மாதிரி. குஸ்கோ போகிற வழியில் அந்தாவாய்லியாஸ் என்று ஒரு ஊர். அங்கே பழைய கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கிற இடத்து வாசலில் ஞானஸ்நான வாசகத்தை ஐந்து மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மொழியான புக்கினாவைப் பேச இன்றைக்கு ஒருவரும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா வேனை நிறுத்தச் சொல்வார். ஓட்டுநர்களுக்கே இவரைத் தெரியும்.

இங்கே ஐனி என்று ஒரு வழக்கம் உண்டு. நம் கிராமத்தில் கைமாற்றாக வேலைக்குப் போவார்களே, அதேதான். சபைச் சுவர் இடிந்தபோது, மண்ணும் புல்லும் குழைத்து மிதித்து, பச்சைக் கல் அறுத்து, பத்துக் குடும்பம் இரண்டிரண்டு நாள் வந்து உழைத்தது. கூலி கிடையாது. அவர்கள் கிழங்கு தோண்டும்போது நாமும் இரண்டு நாள் போக வேண்டும். அந்தக் கணக்கு யார் நோட்டிலும் இல்லை, எல்லோருக்கும் மனப்பாடம். நாங்கள் வந்து ஏழாவது வருஷம், ஒரு சாயங்காலம், சுன்யோ மிதித்த அதே பாட்டி மருமகளிடம் நாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். என் பக்கம் கையை வீசி, "நாளைக்கு நாம அவங்க வயலுக்குப் போகணும்" என்றார். ஞொக்காஞ்சிஸ் என்றார். அதுவரைக்கும் என்னிடம் பேசும்போது ஞொக்காய்க்குதான். எங்கள் ஊர், எங்கள் வயல், எங்கள் பிள்ளைகள். என்னைப் பாராட்டிச் சொன்னதில்லை, வேலைக்கு ஆள் சேர்த்தது, அவ்வளவுதான். நான் குக்கரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் என் வாய் அவர்களோடு பேசிப் பேசி நம்ம ஊர், நம்ம சபை என்று பழகிவிட்டது. "உன்னையும் சேர்த்துத்தான் நம்ம என்றேன்" என்று உன்னிடம் சாதிக்கலாம், இலக்கணம் எனக்குச் சாதகம். ஆனால் அது பொய். வாய் தவறி வந்தது, நீயும் அதைக் கண்டுபிடித்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். "எங்க ஊர்ல பனி" என்று சொல்லியிருந்தால் உனக்கு இன்னும் வலித்திருக்கும், இல்லையா? எந்தச் சொல்லைச் சொன்னாலும் உன் பக்கத்தில் ஒரு முள் இருக்கிறது. அந்த முள்ளை நட்டது நாங்கள்.

பத்தாம் வகுப்பில் உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு விமானம் ஏறினோம். உனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் மேல் வெகு நாள் கோபப்பட்டேன், அது சௌகரியமாக இருந்தது. நீ ஒரு தடவையும் குறை சொல்லவில்லை. "ஊழியக்காரர் பிள்ளை பார், எவ்வளவு பக்குவம்" என்று எல்லோரும் சொல்லும்போது நானும் தலையாட்டினேன். பதினைந்து வயதுப் பிள்ளை அழாமல் இருந்தால் அது பக்குவம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கர்த்தர் அழைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன்னைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பதிலும் சந்தேகம் இல்லை. கேட்கவில்லை. அதற்கு அம்மாவை மன்னித்துக்கொள். இதை எழுதவே இவ்வளவு உருளைக்கிழங்கைச் சுற்றி வரவேண்டியதாயிற்று.

வரும் வருஷம் மே மாதம் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். டிசம்பரில் வேண்டாம், இங்கே கிறிஸ்துமஸ் மழைக்காலம், மலைப்பாதை சரியும். மே மாதம் அறுவடை. தோண்டின வயலிலேயே மண்கட்டிகளைக் கோபுரமாக அடுக்கி, உள்ளே தீ போட்டு, கட்டி நன்றாகச் சுட்டதும் கிழங்கை உள்ளே தள்ளி, கோபுரத்தை அதன் மேலேயே இடித்து மூடிவிடுவார்கள். அரை மணி கழித்துக் கிளறி எடுத்தால் தோல் கருகி, உள்ளே மாவு மாதிரி இருக்கும். ரொக்கோட்டோ என்று ஒரு மிளகாய், விதை கறுப்பு, காரம் நம் சீனி மிளகாய்க்குச் சவால் விடும், அதை அரைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஊரே வயலில் உட்கார்ந்து சாப்பிடும், நம் கோயில் அசனம் மாதிரி. பாட்டி உன்னைப் பற்றி ஒவ்வொரு அறுவடைக்கும் கேட்கிறார். மாப்பிள்ளைக்குச் சுன்யோ சூப் கொடுத்துப் பார்க்க அப்பாவுக்கு ஆசை. எச்சரித்து வை.

லீமாவில் இறங்கி அன்றைக்கே குஸ்கோவுக்குப் பறக்காதீர்கள், இரண்டு நாள் தங்கி வாருங்கள். இங்கே வந்ததும் முதல் நாள் ஓடக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. மூப்பர் பார்க்காத நேரத்தில் கொக்காத் தேநீர் நான் போட்டுத் தருகிறேன்.

வரும்போது குக்கர் ரப்பர் இரண்டு வாங்கி வா. 5 லிட்டருக்கு உள்ளது. போன தடவை நீ அனுப்பியது 3 லிட்டருக்கு, நூல் சுற்றிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா