கார்டு போனாலும் கணக்கு டிஸ்க்கில்தான் இருக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈரோட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக சர்வர் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். சென்ற மாதம் 18ஆம் தேதி ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்ய வேண்டும், சர்வர் பூட் ஆகவில்லை. நான் போவதற்குள் வேறொருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

பழுது ரெய்டு கன்ட்ரோலர் கார்டில். நான்கு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டுவது அதுதான். டிஸ்க் நான்கும் நன்றாகவே இருந்தன. வந்தவர் அவற்றைக் கழற்றித் தூசி தட்டியிருக்கிறார். பிறகு எங்கிருந்தோ வாங்கிய வேறு கம்பெனியின் பழைய கார்டைப் போட்டிருக்கிறார். முதல் கார்டு இந்த டிஸ்க்குகளில் எழுதி வைத்திருந்த ரெய்டு அமைப்பின் குறிப்பு அந்தக் கார்டுக்குப் புரியாது, வெறும் டிஸ்க் என்றே காட்டியிருக்கும். அவரும் அதை நம்பி, புதிதாக ரெய்டு உருவாக்கி முழு இனிஷியலைஸ் கொடுத்துவிட்டார். அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதும் வேலை. நான் பார்த்தபோது முடிந்தே போயிருந்தது. ஒன்பது வருடக் கணக்கு.

பேக்கப் எங்கே என்று கேட்டேன். "ரெய்டு இருக்கே சார், அப்புறம் பேக்கப் எதுக்கு?" என்றார் அந்த ஆடிட்டர் அம்மா. ரெய்டு 5 என்பது ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும், அவ்வளவுதான். தெரியாமல் கொடுத்த ஒரு கட்டளையை எந்த ரெய்டும் தாங்காது.

ரெய்டு அமைப்பின் விவரத்தைப் பெரும்பாலான கார்டுகள் டிஸ்க்குகளிலேயே எழுதி வைக்கின்றன. அதே வகைக் கார்டைப் போட்டால் அது படித்துக்கொள்ளும். டெல் கம்பெனியின் பெர்க் போன்ற கார்டுகளில் அப்போது திரையில் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று வரும். அதைப் பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். இம்போர்ட், கிளியர் என்று இரண்டு வழி காட்டும். இம்போர்ட் கொடுத்தால் பழைய அமைப்பு அப்படியே திரும்பி வரும். கிளியர் கொடுத்தால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும்.

நான் கார்டில் கை வைக்கும் முன் டிஸ்க்குகளையும் கேபிள்களையும் செல்போனில் படம் எடுப்பேன். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஸ்லாட் எண்ணை மார்க்கரால் எழுதுவேன். பவர் கேபிள் இரண்டையும் பிடுங்கிவிட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் கார்டைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொள்வேன். பேட்டரி உள்ள கார்டில் இன்னும் நிதானம் வேண்டும். சர்வரை முறையாக ஷட்டவுன் செய்திருந்தால் சரி. திடீரென்று நின்றிருந்தால், டிஸ்க்குக்கு இறங்காத கடைசித் தரவு கார்டின் மெமரியில் தங்கியிருக்கலாம். சில மாடல்களில் மெமரியையும் பேட்டரியையும் சேர்த்தே கழற்றிப் புதுக் கார்டில் மாட்ட முடியும். பேட்டரியை மட்டும் பிடுங்கினால் அந்தத் தரவு போச்சு.

புதுக் கார்டின் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள், பழசாக இருந்தால், டிஸ்க்குகளை வெளியே இழுத்து வைத்துவிட்டு முதலில் புதிய ஃபர்ம்வேரை ஏற்றுவேன். பிறகு சர்வரை அணைத்து, டிஸ்க்குகளை அதே ஸ்லாட்டில் செருகி இம்போர்ட் கொடுப்பேன். தரவு தெரிந்ததும் யாரையும் உள்ளே விடாமல் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பேன். மற்ற சோதனைகள் அதற்கு அப்புறம்தான். அரை நாள் ஆகும். அந்த அரை நாளை உரிமையாளர்கள் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

சர்வர் வைத்திருக்கும் சிறு அலுவலகங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றே உங்கள் கார்டின் மாடல், ஃபர்ம்வேர் எண், டிஸ்க் வரிசை மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சர்வர் மேல் ஒட்டி வையுங்கள். பழுது பார்க்க வருபவர் திரையில் எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று கேட்டுவிட்டு அனுமதியுங்கள். இனிஷியலைஸ் என்றோ கிளியர் என்றோ சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அந்த அலுவலகத்தில் இப்போது மூன்று பேர் வாடிக்கையாளர்களிடம் பழைய பில்களைத் திரும்ப வாங்கி, முதல் வருடத்தில் இருந்து கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சர்வர் பழுதுபார்ப்பவர்,
ஈரோடு.